பெலேவுக்குச் சிலை வைத்த தெரு

ஆசியாவின் இளம் கால்பந்து வீரர்கள் 2006-ல் பெங்களூருக்கு வந்துபோனார்கள். வந்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள். பந்துக்காகவே வாழும் இந்த ஊர்த் தெருக்கள் மட்டும் காத்திருக்கின்றன.

மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகை ஹலசூரு என்கிறது. இறங்குகிற தமிழர்களுக்கு அது என்றைக்கும் அல்சூர்தான். பழைய சோமேஸ்வரர் கோயில், பூக்கடைகள், பாத்திரக் கடைகள் எல்லாவற்றையும் தாண்டி உள்ளே நடந்தால் சந்துகள் குறுகிக்கொண்டே போகின்றன. கன்னடப் பலகைகளுக்குக் கீழே பேச்சு முழுக்கத் தமிழ். கௌதமபுரம் வந்துவிட்டது.

இங்கே சிலைகள் இருக்கின்றன. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா. உழைக்கும் மக்கள் வாழும் இடத்தில் இவர்களைப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை. இவர்களோடு நான்காவதாக நிற்பவர் பிரேசிலின் பெலே. பெங்களூர்க்காரர்கள் இந்தப் பகுதியை 'மினி பிரேசில்' என்று அழைப்பது இதனால் மட்டுமல்ல. இங்கே பல வீடுகளில் தாத்தாவும் பந்து ஆடியிருப்பார், பேரனும் ஆடிக்கொண்டிருப்பான்.

இந்தப் பித்துக்கு வயது நூறுக்கும் மேல். 1809-ல் ஆங்கிலேயர்கள் இங்கே தண்டு அமைத்தபோது அவர்களோடு வந்தவர்கள் தமிழர்கள்: சிப்பாய்கள், கொத்தனார்கள், சமையல்காரர்கள், குதிரை லாயத்து வேலைக்காரர்கள். 'மெட்ராஸ் சேப்பர்ஸ்' என்ற பொறியாளர் படை அல்சூர் ஏரிக்கரையில் இன்றைக்கும் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மாலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த பையன்கள் பூட்ஸ் இல்லாமலே கற்றுக்கொண்டார்கள்.

கற்றது வீண்போகவில்லை. ராணுவ அணிகளின் சொத்தாகவே இருந்த பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை 1937-ல் முதல்முறையாக ஓர் இந்திய அணி பறித்தது. அந்த அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். சுதந்திரம் வந்த மறு ஆண்டு, லண்டன் ஒலிம்பிக்ஸில் இந்தியா பிரான்ஸை எதிர்கொண்டது. பாதிப்பேருக்கு மேல் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. அதே அணியில் இடம்பெற்ற அகமது கானும் தன்ராஜும் இதே ஊர்தான். பின்னால் இருவரும் கல்கத்தா போய் ஈஸ்ட் பெங்காலின் 'பஞ்ச பாண்டவர்'களில் இருவரானார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஆசிய இளைஞர் சாம்பியன்ஷிப் வந்தபோது எதிர்பார்ப்பு இல்லாமல் போகுமா?

2006 அக்டோபர் 29-ல் தொடங்கி நவம்பர் 12 வரை நடந்தது அந்தப் போட்டி. 19 வயதுக்குட்பட்டவர்களின் 16 அணிகள். ஆட்டங்களைக் கொல்கத்தாவும் பெங்களூரும் பங்கிட்டுக்கொண்டன. பெங்களூரில் ஆட்டங்கள் நடந்த இடம் கப்பன் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். 17-ம் நூற்றாண்டு மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையாரின் பெயர் தாங்கியது. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுப்பப்பட்ட இதில் சுமார் 25 ஆயிரம் பேர் உட்காரலாம். உண்மையில் இது தடகள மைதானம். பந்தாட்டத் தரைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே ஓடுபாதை வளைந்து கிடக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கோல் விழுந்தால் முதலில் தெரிவது ஆட்டக்காரர்களின் துள்ளல்தான்.

ஊரே கொண்டாட்டத்தில் இருந்த நேரம் வேறு. அந்த நவம்பர் 1-ல்தான் கர்நாடக மாநிலம் உருவாகி 50 ஆண்டுகள் நிறைந்தன. மஞ்சள், சிவப்புக் கொடிகள் பறந்துகொண்டிருந்த ஊரில் ஆசியாவின் பல மூலைகளிலிருந்து வந்த பையன்கள் தங்கள் ஆட்டத்தை ஆடினார்கள்.

முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் மறு ஆண்டு கனடாவில் நடக்கும் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குச் சீட்டு. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் நடந்த இறுதி ஆட்டம் 1-1 என்று முடிய, பெனால்டியில் ஜப்பானை 5-3 என வீழ்த்திக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனது வட கொரியா. மூன்றாவது இடம் தென் கொரியாவுக்கு, நான்காவது ஜோர்டானுக்கு. போட்டியை நடத்திய இந்தியா முதல் சுற்றோடு சரி.

தோல்வி பெரிய விஷயமல்ல. இந்த வயதில் எல்லோரும் தோற்கிறார்கள். தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் அதற்குப் பிறகு எங்கே போனார்கள் என்பதுதான் விஷயம்.

ஜப்பான் அணியின் அட்சுதோ உச்சிதா ஜெர்மனியில் ஷால்கே அணிக்காக ஆடினார், 2014 உலகக் கோப்பையிலும் ஆடினார். வட கொரியாவின் கிம் கும் இல் 2010 உலகக் கோப்பை அணியில் இடம்பிடித்தார். ஜோர்டானின் கதை இதைவிட உறைக்கும். கனடாவுக்குக் கிடைத்த அந்த வாய்ப்புதான் எந்த வயதுப் பிரிவிலும் அந்த நாடு எட்டிய முதல் உலகக் கோப்பை. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு அளவே உள்ள நாடு. இந்திய மண்ணில் அந்தப் படியில் கால் வைத்த ஜோர்டான், 2025 ஜூனில் பெரியவர்களின் உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றுவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்ற இந்தியா 2027 ஆசியக் கோப்பைக்குக்கூடத் தகுதி பெற முடியாமல் போனது.

நாம் என்றுமே இப்படி இருந்தவர்கள் அல்ல. 1974-ல் பாங்காக்கில் இதே இளைஞர் சாம்பியன்ஷிப்பை ஷபீர் அலி தலைமையில் ஈரானோடு பகிர்ந்துகொண்டவர்கள். நடுவில் நடந்தது என்ன?

விடையின் ஒரு பகுதி பெங்களூரிலேயே கிடைக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஊரில் கால்பந்து என்றால் உத்தியோகம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடும் பையனுக்கு நிரந்தர வேலை, குடியிருப்பு, ஆஸ்பத்திரி வசதி. மாலையில் பயிற்சி. ஆஸ்டின் டவுனிலும் கௌதமபுரத்திலும் மகன் பந்து ஆடுவதைத் தாய் தடுக்காததற்கு இதுதான் காரணம். பந்து என்பது குடும்பத்தைத் தூக்கிவிடும் ஏணி. பிறகு பொதுத்துறையில் ஆள் எடுப்பது குறைந்தது. எச்.ஏ.எல். அணி 2010-ல் தொடங்கிய பருவத்திலும் அடுத்ததிலும் ஐ லீக்கில் ஆடி, கீழே இறங்கியது. ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 19 வயதில் திறமையோடு நிற்கிற பையனுக்கு அடுத்த படி எது என்று சொல்ல ஆளில்லை. மொபைலில் ஆர்டர் எடுத்துச் சாப்பாடு கொண்டுபோகும் பைக் உடனே காசு தருகிறது.

மாறாக எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2013-ல் பிறந்த பெங்களூர் எஃப்.சி. முதல் பருவத்திலேயே ஐ லீக் கோப்பையை வென்றது. கருடா மால் அருகே உள்ள பழைய கால்பந்து ஸ்டேடியத்திலிருந்து பின்பு கண்டீரவாவுக்கு வந்தது. 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூர் அணியை இங்கே 3-1 என்று தோற்கடித்து ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய அணியானது. 2023-ல் தெற்காசிய சாம்பியன்ஷிப் முழுவதும் கண்டீரவாவில்தான் நடந்தது. மழைக்கு நடுவே பாகிஸ்தானை 4-0 என்று வென்று தொடங்கிய இந்தியா, ஜூலை 4-ம் தேதி குவைத்தைப் பெனால்டியில் சாய்த்து முடித்தது. அதே ஆண்டு மார்ச்சில் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையை வென்றது. மாநிலம் மைசூர் என்ற பெயரில் இருந்தபோது கடைசியாக வென்றது. இடையில் 54 ஆண்டுகள்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி, பெங்களூர் எஃப்.சி.க்காக 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் கோல் அடித்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். தமிழ்ப் பையனுக்குப் பெங்களூர் இன்னும் வாசல் திறக்கிறது.

ஆனால் பெங்களூர்ப் பையனுக்கு? 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா நடத்தியபோது டெல்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவாஹாத்தி, கொல்கத்தா என்று ஆறு ஊர்களில் ஆட்டங்கள் நடந்தன. பெங்களூருக்கு ஓர் ஆட்டம்கூட இல்லை. ஆனாலும் பெங்களூர் அங்கே இருந்தது. அக்டோபர் 9-ம் தேதி டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக 82-வது நிமிடம். இடது காலால் ஒரு கார்னர் கிக் வளைந்து வர, ஜீக்சன் சிங் தலையால் முட்டினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். அந்தக் கார்னரை அடித்தவன் பெங்களூரில் பிறந்த சஞ்சீவ் ஸ்டாலின். 1948-ல் ராமன், 2017-ல் ஸ்டாலின்; நாட்டின் இரண்டு 'முதல்' கோல்களிலும் இந்த ஊரின் கால் பட்டிருக்கிறது. ஒரே வித்தியாசம், ராமன் இங்கேயே ஆடி வளர்ந்தார். ஸ்டாலின் சண்டிகர் அகாடமிக்குப் போய் ஆளாக வேண்டியிருந்தது.

2006-ல் பதினைந்து நாட்கள் ஆசியா வந்துபோனதில் ஊருக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், கண்டீரவாவில் காட்டுவதற்கு அதிகம் இல்லை. ஒரு பெரிய போட்டி ஊருக்குள் வருவது திருவிழா மாதிரி. தேர் ஓடும், கூட்டம் கலையும். மறுநாள் காலையில் கோயிலில் விளக்கேற்ற ஆள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பையன்கள் வாரம் தவறாமல் ஆட ஒரு லீக், பயிற்சி தர ஒருவர், காலில் அடிபட்டால் பார்க்க ஒருவர், இருபது வயதில் கையில் ஒரு சம்பளம். ஜப்பானும் ஜோர்டானும் செய்தது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறவர்களும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பந்து கேட்டுக் கத்துவது தமிழில், திட்டுவது தமிழும் கன்னடமும் உருதும் கலந்த பெங்களூர் மொழியில். பத்து வயதுப் பையன் ஒருவன் தன்னைவிட உயரமான இருவரை ஏமாற்றிவிட்டுப் பந்தோடு வெளியே வருவான். அவன் நன்றாக ஆடுகிறான் என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஒன்பது ஆண்டுகளில் அவனுக்குப் பத்தொன்பது வயதாகும்.