பசுக்கிடை வழியே

2024 ஆகஸ்ட் 1, வியாழன் (ஆடி 16)

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே சஞ்சீவி மலை, மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. ராஜபாளையத்தில் வெறுமனே "மலை" என்று சொன்னால் மேற்கே இருப்பதுதான். கிழக்கே இருப்பதற்குக் கதை உண்டு; ஆஞ்சநேயர் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்து விழுந்த துண்டாம். மேற்கே இருப்பது தண்ணீர் தருகிறது. அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து ஊர்க் குழாய்களுக்கு வருகிறது. மலையில் மழை இல்லை என்றால் எங்கள் தெருவில் குடத்துக்குச் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. அந்த மேற்கு மலையில் இருக்கிற சதுரகிரி சிவன் கோயிலுக்கு ஏற வேண்டும் என்று அக்கா மகன் ஒரு மாதமாக நச்சரிக்கிறான். "முட்டி தாங்குமா மாமா?" என்று அவனே கேட்டும் வைக்கிறான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? சொந்தத் தறியில் ஓடிய துணியிலேயே இரண்டு சுருள் எடுத்து வைத்துவிட்டேன்.

அமாவாசை அன்று கூட்டம் தாங்காது. முந்தின நாளே போய்விடுவது என்று முடிவு.

ஆகஸ்ட் 3, சனி (ஆடி 18)

ஆடிப்பெருக்கு. வீட்டில் சித்திரான்னம் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் மலையில் இருந்தோம்.

ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பி, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. வத்திராயிருப்பு அம்மா பிறந்த ஊர். பஸ்ஸில் போனாலும் காரில் போனாலும் அங்கே என் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பும்.

அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக், தீப்பெட்டி எதுவும் கூடாது. என் பையில் பேண்டேஜ் சுருளைப் பார்த்த இளைஞர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ராஜகாளியம்மனைக் கும்பிட்டு ஏற ஆரம்பித்தோம். மாங்கனி ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். வழுக்குப்பாறையில் கைக்கம்பு உதவியது. அத்தி ஊற்று, கோணத்தலவாசல், அதற்கப்புறம் காராம்பசுத் தடம். பாறையில் குளம்படி போல ஒரு பள்ளம். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நானும் ஒற்றிக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சின்ன வயதிலிருந்து ஏழெட்டு முறை ஏறியிருக்கிறேன், ஒரு தடவையும் யோசித்ததில்லை. இந்தப் பாதையில் இருக்கிற பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். காராம்பசுத் தடம். கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் கழிந்ததும் சின்னப் பசுக்கிடை. பிறகு நாவல் ஊற்று. பச்சரிசிப் பாறை, வனதுர்க்கை. அப்புறம் பெரிய பசுக்கிடை. தடம், கிடை, ஊற்று, கிடை! மாடு எங்கே நடந்தது, எங்கே தண்ணீர் குடித்தது, ராத்திரி எங்கே அடைந்தது என்று மேய்ச்சல்காரன் நினைவில் வைத்திருந்த கணக்கு இது. சாமி பெயர்கள் இந்தக் கணக்கின் நடுவே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அக்கா மகனிடம் சொன்னேன். "யூடியூப்ல சித்தர் மலைன்னுதான் மாமா போடுறாங்க" என்றான். போடட்டும். பதினெட்டுச் சித்தர்கள், மூலிகை, தைலக் கிணறு, நள்ளிரவில் கேட்கிற மணியோசை என்று இந்த மலையைப் பற்றி வரும் காணொளிகளுக்குக் கணக்கில்லை. சித்தர்களைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் இந்தக் கோயில் எப்படி வந்தது என்று கோயில் கதையே சொல்வது ஒரு மாட்டுக்காரனை வைத்து.

பச்சைமால் என்ற ஆயர். மனைவி சடைமங்கை. மாமனார் வீட்டுக்குத் தினமும் பால் கொண்டுபோகிறாள். வழியில் ஒரு துறவி பால் கேட்கிறார், கொடுக்கிறாள். பால் குறைகிறது என்று வீட்டில் கேள்வி வருகிறது. பச்சைமால் பின்னாலேயே போய்ப் பார்த்து அவளை அடிக்கிறான். துறவி அவளைக் காவல் தெய்வமாக்கிவிடுகிறார். மனைவி போன பிறகு பச்சைமால் மாட்டோடு மலையிலேயே கிடக்கிறான். ஒருநாள் ஒரு பசுவைக் காணவில்லை. தேடிப் போனால், சன்னியாசி ஒருவர் அதன் மடியில் நேராக வாய் வைத்துப் பால் குடித்துக்கொண்டிருக்கிறார். ஓங்கி அடிக்கிறான். அடிபட்டவர் சிவன். அந்த அடியின் தழும்பு லிங்கத்தில் இருக்கிறது என்பார்கள். லிங்கம் சாய்ந்து நிற்பதும் அதனால்தான் என்பார்கள்.

பிலாவடிக் கருப்பரைத் தாண்டிச் சுந்தரமகாலிங்கம் சன்னிதிக்குப் போனபோது மணி பதினொன்று. தீபாராதனை வெளிச்சத்தில் சாய்வு நன்றாகத் தெரிந்தது. சன்னிதியில் பக்கத்தில் நின்ற மதுரைக்கார அம்மா ஒருவர் மகளிடம் அதைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அடிச்சவனையும் ஏத்துக்கிட்ட சாமிடி." மேலே சந்தனமகாலிங்கம் வரை போய்விட்டு, மதியம் சோறு சாப்பிட்டு இறங்கிவிட்டோம். மலையில் ராத்தங்க அனுமதி இல்லை.

இன்னொன்று. வத்திராயிருப்பு வழியாக ஏறுகிற நாங்கள் இதை எங்கள் மலை என்போம். தாணிப்பாறை விருதுநகர் மாவட்டம். கோயில் இருப்பதோ சாப்டூர்க் காட்டில், மதுரை மாவட்டம். சாப்டூர்ப் பக்கமிருந்தும் பாதை உண்டு, தேனி மாவட்டத்து வருசநாட்டிலிருந்தும் உண்டு. மாட்டுக்குத் தெரியுமா மாவட்டம்?

ஆகஸ்ட் 4, ஞாயிறு (ஆடி அமாவாசை)

காலையில் அப்பாவுக்குத் தர்ப்பணம். முட்டி வீங்கியிருக்கிறது.

மாலையில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து உட்கார்ந்து வழக்கமான குறையைப் பாடினார். "எப்ப வேணாலும் போவோம், வருவோம். இப்ப மாசத்துக்கு எட்டு நாளு, அதுவும் மழைன்னா இல்லை." அவர் சொல்வது உண்மை. இந்த 2024-ல் இருக்கிற விதிப்படி பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள், அமாவாசையை ஒட்டி நான்கு நாள். ஆனால் காரணமும் உண்மை. 2015 மே மாதம், அமாவாசைக்குப் போனவர்கள் இறங்கும்போது கோடை மழையில் ஓடைகள் திடீரென்று பெருகி, பலர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். நேற்று நான் கணுக்கால் நனைத்துத் தாண்டிய ஓடைகளில்தான். அண்ணாச்சிக்கு அதை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளு கூடக் கேக்கல தம்பி, பாலம் கேக்குறேன்" என்றார். அது நியாயம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தறிக்கு லீவு போட்டுவிட்டு வத்திராயிருப்பு போனேன். அம்மாவின் தம்பியைப் பார்க்க. மாமாவுக்கு எண்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் நூற்றுக்கு மேல் மலைமாடு வைத்திருந்தவர். கிடையைப் பற்றிக் கேட்டதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"வயல்ல நெல்லு நிக்கிற வரைக்கும் மாட்டுக்குக் கீழ என்னடா சோலி? மேல ஏத்திருவோம். அறுப்பு முடிஞ்சதும் எறக்கிக் கொண்டாந்து வயல்ல கெடை போடுவோம். எருவுக்கு நெல்லு அளப்பான் சம்சாரி."

மேலே ஏற்ற வனத்துறையில் மேய்ச்சல் சீட்டு வாங்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ராத்திரி சிறுத்தைக்குப் பயந்து மாடுகளை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் தீ போட்டுக் காவல் இருப்பார்கள். கிடைக்கு இடம் பார்ப்பதில் இரண்டு விஷயம்: கூப்பிடு தூரத்தில் ஊற்று, படுக்கச் சமதளம். பெரிய பசுக்கிடையில் சனிக்கிழமை நான் முட்டிக்குக் கட்டுப் போட உட்கார்ந்த இடம் அப்படித்தான் இருந்தது. ஏற்றம் ஓய்ந்து தரை விரிகிற இடம்.

பச்சைமால் கதையைப் பேச்சுவாக்கில் எடுத்தேன். மாமா சிரித்தார். "மலைமாடு ஒரு செம்பு கறந்தாப் பெருசுடா. அதுவும் கன்னு குடிச்சு மிஞ்சுனாத்தான். அதை ஒருத்தன் மடியில வாய வச்சுக் குடிச்சா? நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்."

இத்தனை வருஷமாக அந்தக் கதையில் பச்சைமாலை அவசரக்காரன், சந்தேகக்காரன் என்றே நினைத்துவந்தேன். மனைவியை அடித்ததற்கு மன்னிப்பு இல்லைதான். ஆனால் சன்னியாசி மேல் வந்த கோபம், செம்புப் பாலின் அருமை தெரிந்தவனின் கோபம். கதையைக் கட்டியவர்களுக்கும் அந்த அருமை தெரிந்திருக்கிறது.

மாமாவிடம் இப்போது மாடு இல்லை. 1988-ல் இந்தக் காடு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பின்னர் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. எங்கள் மலைக்கு அந்தச் சுருக்கலால் பயன் இல்லை, இது காப்பகத்துக்குள்தான் வருகிறது. மாடு நுழைந்தால் நோய் பரவும், தழை குறையும் என்கிறார்கள். வைப்பாற்றுக்கும் பிளவக்கல் அணைகளுக்கும் தண்ணீர் வருவது இந்தக் காட்டிலிருந்துதான், காடு கெட்டால் கூமாபட்டி வயலும் கெடும். அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. மாமாவும் மறுக்கவில்லை. "புலி இருக்கட்டும். நாங்க இருந்தோம்னு சொல்லலாம்ல" என்றார்.

மாட்டுக்காரர்களுக்கும் முன்பே இங்கிருந்தவர்கள் பளியர்கள். தாணிப்பாறையிலும் செண்பகத்தோப்பிலும் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. தேனுக்கும் கிழங்குக்கும் அவர்கள் வைத்த பெயர்கள் வேறு வரிசையாக இருக்கும். அதை அவர்களில் ஒருவர் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன் (ஆடிப்பூரம்)

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். வடம் பிடிக்க முட்டி விடவில்லை. ஓரமாக நின்று பார்த்தேன். தேர் அசைந்த நொடியில் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் உடம்பு சிலிர்த்தது. மேற்கே மலை மேகம் மூடிக் கிடந்தது.

ஆண்டாள் வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் தன்னை ஆய்ச்சியாகவும் பாவித்து நோன்பிருந்தாள் என்பது வைணவ மரபு. வளர்த்தவரோ நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த பெரியாழ்வார், மாடு மேய்த்தவர் அல்ல. பக்கத்து மலையடிவாரத்திலோ பாவனை இல்லாத ஆயர்கள் இருந்திருக்கிறார்கள். ஒரே மலையின் நிழலில், இந்த ஊரில் பெருமாளுக்காக ஒரு பெண் ஆய்ச்சியானாள். சதுரகிரிக் கதையில் சிவன் மாட்டுக்காரனிடம் அடி வாங்கினான். இரண்டிலும் பால் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய இந்த ஊர்ப் பால்கோவாவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மாமா சொல்கிற மலைமாட்டுக் கணக்கில் ஒரு கடைக்கும் பால் தேறாது, அதனால் விட்டுவிட்டேன்.

கால் கிலோ வாங்கினேன், மாமாவுக்கு. சர்க்கரை இருக்கிறது, ஆனாலும் கேட்டிருந்தார்.

சதுரகிரிப் பாதையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பசுக்கிடையில் ஒரு பலகை வைத்து, அந்த இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று நான்கு வரி எழுதலாம். சொல்லித் தர வத்திராயிருப்பில் ஆள் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று. இந்த ஆடியிலேயே கேட்டுவிடுவது நல்லது.