மாமாவின் தலைக்குள் ஓடும் ஒயர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மைக் செட் வைத்திருப்பவர்களிடம் "எந்த ஒயர் எங்கே போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். காகிதம் எதையும் எடுத்துக் காட்ட மாட்டார்கள். நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டுவார்கள். ஆடிப்பூரத் தேரோட்டம், பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாமே அந்த ஞாபகத்தை நம்பித்தான் நடக்கின்றன.

என் தாய்மாமாவும் அப்படித்தான். முப்பது வருடத் தொழில். ஸ்பீக்கர் லேசாகக் 'கர்ர்' என்றாலே எந்த ஜாக்கில் கோளாறு என்று சொல்லிவிடுவார். மேடைக்கு அடியில் இருட்டில் படுத்துக்கொண்டு, கையால் தடவியே ஒயரைப் பிரித்து மாட்டுவார்.

ராத்திரி கட்டி மறுநாள் காலையில் அவிழ்க்கும் செட்டுக்கு இது போதும். நிரந்தரமாகப் பொருத்தும் இடங்களில்தான் சிக்கல். இப்போது சின்ன ஊர் மண்டபங்களிலும் பள்ளி அரங்குகளிலும்கூட சவுண்ட் சிஸ்டம், புரொஜெக்டர், திரை எல்லாம் வந்துவிட்டன. ஒயர்கள் சுவருக்குள் போய்விடுகின்றன. சுவருக்குள் போன ஒயர் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். போட்ட ஆள் அத்தனை வருடமும் ஊரில் இருப்பாரா?

எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றில் அது நடந்தது. ஒயரிங் செய்தவர் வளைகுடா வேலைக்குப் போய்விட்டார். ஒரு முகூர்த்த நாளில் மேடை மைக் மூன்றும் ஒன்றாகச் செத்துவிட்டன. கருவிகள் அடுக்கிய ரேக்கின் பின்கதவைத் திறந்தால், எல்லாம் ஒரே கறுப்பு நிறத்தில் நாற்பது ஒயர்கள். ஒன்றில்கூட எண் இல்லை. கடைசியில் பழைய ஒயர்களைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு, தரையோரமாகப் புதிதாக இழுத்தார்கள். இழுத்துக் கொடுத்தது மாமாதான். "அவன் ஒரு தாள்ல எழுதி வச்சிருந்தா அரை மணி நேர வேலை பாப்பா" என்றார்.

"நீங்க எழுதி வச்சிருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தக் கேள்வி சும்மா கேட்டதல்ல. மாமாவுக்குச் சர்க்கரை. இரண்டு வருடமாக அது கண்ணைத் தொட்டிருக்கிறது. மதுரைக்குப் போய் சிகிச்சை எடுக்கிறார். பகலில் பரவாயில்லை. மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றாகத் தெரிகின்றன. பதினாறு ஜோடி ஒயர்கள் ஒரே உறைக்குள் வரும் மல்டி கேபிளில், நிறத்தை வைத்துத்தான் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அத்தைதான் என்னிடம் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் செண்பகத்தோப்பு போகும் வழியில் ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகக் கட்டிய கூட்ட அரங்குக்கு ஆடியோ, புரொஜெக்டர் எல்லாம் பொருத்த வேண்டும். ஒரு நிபந்தனை, கொட்டேஷனோடு டிராயிங்கும் வேண்டும். ஆன்லைன் செய்திகளுக்குப் படமும் வரைபடமும் போடுவது என் அன்றாட வேலை என்பதால், மாமா எனக்கு போன் செய்தார். "கோடு போட்டா கரண்ட் வந்துருமா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, "சரி, எத்தனை நாள் ஆகும்?" என்றார்.

இரண்டு படங்கள் போதும்

இந்தத் தொழிலுக்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. கட்டட வரைபடத்துக்கு 1982-ல் வந்த ஆட்டோகேட் எல்லோருக்கும் தெரியும். டி-டூல்ஸ், ஸ்டார்ட்ரா போன்றவை ஆடியோ வீடியோ வேலைக்கென்றே உருவானவை. ஒரு ஆம்ப்ளிஃபையரை இழுத்துப் போட்டால் அதன் உயரம், எடை, வாட் எல்லாம் கூடவே வரும். பெரிய நிறுவனங்கள் இவற்றைப் பணம் கட்டிப் பயன்படுத்துகின்றன. ஒரு பள்ளி அரங்குக்கு அவ்வளவு தேவையில்லை. பிரவுசரிலேயே இலவசமாகத் திறக்கும் டிரா டாட் ஐஓ போதும். ரேக் வரையும் படங்கள் அதிலேயே இருக்கின்றன.

வரைய வேண்டியவை இரண்டு. ஒன்று, ரேக்கின் முகப்புப் படம். எந்தக் கருவி எந்தத் தட்டில் என்று அது சொல்லும். இரண்டாவது, இணைப்புப் படம். எந்த ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது சொல்லும்.

ரேக் என்பது கருவிகள் அடுக்கும் இரும்பு பீரோ. கருவியின் முகப்பு அகலம் உலகம் முழுக்க 19 அங்குலம். நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் தொடங்கிய அளவு இது. உயரத்தை 'யூ' என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். ஒரு யூ என்றால் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனிப் பொருளானாலும் இந்தக் கணக்குக்குள் உட்கார்ந்துவிடும்.

பள்ளிக்கான கருவிகளை அடுக்கிப் பார்த்தேன். இரண்டு ஆம்ப்ளிஃபையர் 4 யூ, மிக்ஸர் 3 யூ, வயர்லெஸ் மைக் ரிசீவர் இரண்டு 2 யூ, மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி 1 யூ. மொத்தம் 10. "12 யூ ரேக் வாங்கிருவோம்" என்றார் மாமா. ஆனால் ஆம்ப்ளிஃபையர் சூடாகும். மேலும் கீழும் மூச்சுவிட இடைவெளி வேண்டும். மூன்று இடங்களில் ஒரு யூ விட்டதும் கணக்கு 13 ஆனது. பிறகு ஏதாவது சேர்க்க இடம் வேண்டாமா? 15 யூ என்று முடிவானது. கனமான ஆம்ப்ளிஃபையர்கள் அடியில், கைக்கு அடிக்கடி வேண்டிய மிக்ஸர் இடுப்பு உயரத்தில், ஆன்டெனா வைத்த ரிசீவர்கள் உச்சியில்.

ஆழத்தையும் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் நீளம் 42 செ.மீ. பின்னால் ஜாக் மாட்டி ஒயர் வளைய இன்னும் 8 செ.மீ. கடையில் மலிவாகக் கிடைத்த ரேக்கின் ஆழம் 45 செ.மீ. வாங்கியிருந்தால் பின்கதவு மூடியிருக்காது. கணினியில் நான்கு நிமிடத்தில் தெரிந்த விஷயம் இது. கடையிலிருந்து வேனில் ஏற்றி வந்த பிறகு தெரிந்திருந்தால்?

ஒயருக்கு ஒரு பெயர்

இணைப்புப் படத்தில் இடது பக்கம் உள்ளே வருபவை: மைக், லேப்டாப். வலது பக்கம் வெளியே போகிறவை: ஸ்பீக்கர், புரொஜெக்டர். நடுவில் ரேக். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எண். அதே எண்ணை ஒயரின் இரு முனையிலும் ஒட்ட வேண்டும். அந்த எண் இல்லாததால்தான் அந்த மண்டபத்தில் அத்தனை ஒயரும் வீணாய்ப் போனது.

எண்களைத் தமிழிலேயே போட்டேன். மைக்குக்கு 'மை-1', ஸ்பீக்கருக்கு 'ஸ்பீ-1'. மாமாவிடம் வேலை பார்க்கும் தம்பிகள் இருவரும் பத்தாவதோடு நின்றவர்கள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதற்குள் பொறுமை போய்விடும். 'ஸ்பீ-4' என்று இருந்தால் படத்தைப் பார்த்த உடனே கை போகிறது.

எட்டுச் சுவர் ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் 15 வாட். மொத்தம் 120 வாட். 160 வாட் ஆம்ப்ளிஃபையர் போட்டால் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். நீண்ட தூரம் ஒயர் ஓடுவதால் 100 வோல்ட் லைன். இது ஊருக்கு வரும் உயர் அழுத்த மின்கம்பி மாதிரிதான். வோல்ட்டை ஏற்றினால் ஆம்பியர் குறையும், ஒயரில் வீணாவதும் குறையும். 200 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியாக அனுப்பினால் 5 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் லைனில் 2 ஆம்பியர்தான்.

அடுத்தது 'ம்ம்ம்...' என்ற இரைச்சல். லேப்டாப்பை மேடையில் ஒரு பிளக்கிலும், ஆம்ப்ளிஃபையரை வேறு போர்டிலும் மாட்டினால் இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஒரு சுற்று உண்டாகி, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஸ்பீக்கரில் பாட ஆரம்பிக்கும். பலர் லேப்டாப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள். இரைச்சல் நின்றுவிடும். ஆனால் மைக்கைத் தொடுகிறவர் உயிரோடு விளையாடுகிற காரியம் அது. படத்தில் மின் இணைப்பையும் வரைந்தபோது, மேடை பிளக்கும் ரேக்கும் தனித்தனி போர்டில் இருப்பது தெரிந்தது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, பூச்சு வேலைக்கு முன்பே ஒரே போர்டிலிருந்து இழுக்க வைத்தோம்.

சினிமா தியேட்டரை நினைத்துப் பாருங்கள். 5.1 ஒலிக்கு ஆறு தடங்கள். டால்பி அட்மாஸில் வெளியான முதல் இந்தியப் படம் 2012-ல் வந்த 'சிவாஜி 3டி'. அட்மாஸில் 64 ஸ்பீக்கர் தடங்கள் வரை போகலாம். அத்தனையையும் ஒருவர் தலைக்குள் வைத்திருக்க முடியுமா? அங்கே வரைபடம் இல்லாமல் ஓர் ஒயரைக்கூடத் தொட மாட்டார்கள்.

காட்டுக்குக் கேட்கக் கூடாது

செண்பகத்தோப்பு என்றால் மலையடிவாரம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமான காடு. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. அந்தப் பக்கம் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி அலறவிடுவது சரியில்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் தரும் குழாய், 64 மீட்டர் தள்ளியும் 74 டெசிபல் தரும். ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் சின்ன ஸ்பீக்கர், நான்கு மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு 76 டெசிபல் தரும். அதுவே 64 மீட்டரில் 52-தான். அதனால் அரங்கின் வரைபடத்தில் ஸ்பீக்கரைச் சுற்றி வட்டம் போட்டுப் போட்டு, எல்லா நாற்காலியும் ஏதாவது ஒரு வட்டத்துக்குள் வருகிற மாதிரி எட்டு இடங்களைக் குறித்தோம். எட்டும் உள்பக்கம் பார்த்தவை. பிள்ளைகளுக்குக் கேட்கும், மலைக்குக் கேட்காது.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

ஒரு ஸ்பீக்கருக்கு ஒயர் எவ்வளவு என்று படத்தில் அளந்தேன். 18 மீட்டர் என்றது. மாமா சிரித்தார். "பாப்பா, ஒயர் காக்கா மாதிரி நேராப் பறக்காது. ரேக்குல இருந்து மேல ஏற நாலு மீட்டர். உத்தரத்தைச் சுத்த ஒன்றரை. இறங்க மூணு. ரெண்டு முனையிலும் கைக்கு ரெண்டு ரெண்டு மீட்டர் விடணும்." கூட்டினால் 30.5 மீட்டர். எட்டு ஸ்பீக்கருக்கும் படத்தை நம்பி ஒயர் வாங்கியிருந்தால் பாதி வேலையில் நின்றிருக்கும்.

மைக் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே குழாயில் போகக் கூடாது, குறுக்கே வெட்டினால் நேர்குறுக்காக வெட்ட வேண்டும், எந்தச் சுவரில் மழைக்கு ஈரம் ஊறும்... இதெல்லாம் மாமா சொல்லச் சொல்லத்தான் படத்துக்குள் வந்தது. மென்பொருள் சொன்னதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இருக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும்.

பள்ளி வேலை நல்லபடியாக முடிந்தது. மாமா பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பிகள் படத்தைப் பார்த்து மாட்டினார்கள். ஒரு தாள் ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. இன்னொன்று பள்ளி அலுவலகத்தில். மூன்றாவது எல்லோருடைய போனிலும்.

உங்கள் ஊரில் மண்டபமோ பள்ளியோ கோயிலோ சவுண்ட் சிஸ்டம் வைக்கிறது என்றால், கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு படங்களையும் கேட்டு வாங்குங்கள். கையால் வரைந்தது என்றாலும் பரவாயில்லை. ஒயரின் இரு முனையிலும் எண் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். போதும்.

போன மாதம் மாமாவே போன் செய்தார். இதுவரை அவர் ஒயரிங் செய்த மண்டபங்கள், அரங்குகள் மொத்தம் பதினொன்று. "கண்ணு இருக்கும்போதே எல்லாத்தையும் வரைஞ்சிருவோம் பாப்பா" என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மண்டபமாக நடந்து போவது போலச் சொல்கிறார், நான் வரைகிறேன். தம்பிகள் மறுநாள் அங்கே போய்ச் சரிபார்த்து எண் ஒட்டுகிறார்கள். நான்கு முடிந்திருக்கிறது. இன்னும் ஏழு இருக்கிறது.