பாகு இழுக்காத கை

கொழிஞ்சாம்பாறையில் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் எனாமலில் பெயரெழுதிப் பதினைந்து வருஷம் காலந்தள்ளிய எனக்கு, எண்ணெய் வர்ணத்தில் மனுஷ உருவம் தீட்டலாம் என்ற துணிவு பிறந்தது, கும்பகோணத்துக் கவின்கலைக் கல்லூரியில் பயின்றவரும், 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பலியானவருமான ஓவியர் இளையராஜாவின் சித்திரங்களை ஆனந்த விகடனில் பார்த்துப் பார்த்துத்தான்.

கதவோரமோ ஜன்னலோரமோ நிற்கும் ஒரு கிராமத்துப் பெண், பக்கவாட்டில் விழும் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவே விஷயம். 'அசல் போட்டோவேதான்' என்று பலரும் அவரைப் புகழ்ந்தபோது எனக்கு உள்ளூரக் கோபம் வந்ததுண்டு. ஏனெனில், அடுக்களை மூலையைக் காமிரா வெறுங்கறுப்பாக விழுங்கிவிடும் இடத்திலே, அவர் சாயைக்குள்ளும் வர்ணம் தெரியும்படி வைத்திருக்கிறார். அந்த ரகசியத்தைத் தேடிப் பல கான்வாஸ்களைப் பாழாக்கிய பிறகுதான், கறுப்பு ட்யூபைத் தொடாமலே, பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் குழைத்தால் நம் ஜனங்களின் தோலுக்கு வேண்டிய கருமை உயிரோடு கிடைக்கும் என்று கண்டேன். எனாமல் ஒரே நாளில் உலரும். எண்ணெய் வர்ணமோ நாட்கணக்கில் காயாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியெல்லாம் நான் தீட்டிய கன்னங்களில்தான் குடியேறும்.

இவ்வித்தையில் நமக்கெல்லாம் மூத்தவரான கிளிமானூர் ரவி வர்மாவிடம் (1848–1906) எனக்கொரு குறையுண்டு: அவருடைய வெளிச்சம் பெரும்பாலும் பட்டின்மீதும் நகையின்மீதுமே விழுந்தது. பிரான்சு தேசத்து மில்லே 1857-ல், அறுவடையான வயலில் உதிரிக் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களைத் தீட்டினார். அதன் அச்சுப் பிரதியில் முகங்களைவிட அந்த வளைந்த முதுகுகளே என்னை நிறுத்திவைக்கும்.

முதுகைப் பற்றி எனக்கு ஞானம் வந்தது மறையூரில். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாகப் போய், ஒரு வெல்ல ஆலையில் கரும்புச் சக்கை எரியும் அடுப்பருகே நான்கு நாள் உட்கார்ந்து, கொப்பரையில் துடுப்பு போடும் பெரியவரைக் கோட்டுச் சித்திரமாக்கிவந்து, மூன்று மாதம் சிரமப்பட்டு முடித்த ஓவியத்தை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தக் கை துடுப்பைப் புடிச்சிருக்கு, பாகை இழுக்கலையே."

துடுப்பை என்னிடமே தந்தார். சாறாக இருந்தவரை இலேசாய் வந்தது, பாகு இறுக இறுகக் கனத்து, நாலு சுற்றுக்குள் தோளில் ஏறிய பாரம் முதுகு வழியே குதிகாலுக்கு இறங்கிவிட்டது. என் ஓவியத்திலோ குதிகால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது! அருகே ஓர் அம்மாள், சூடு ஆறுமுன் வெல்லத்தை அள்ளி உருட்டிப்போட்ட உருண்டைகளில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

ஊர் திரும்பி, கையோடு தோளையும் காலையும் கத்தியால் சுரண்டிவிட்டு, இம்முறை குதிகாலிலிருந்து மேல்நோக்கித் தீட்டத் தொடங்கியிருக்கிறேன். முழங்கால் வரை தேறியிருக்கிறது. இடுப்புத் திரும்பும் இடம் மட்டும் பிடிபடவில்லை. இன்னொரு தரம் மறையூர் போய்த் துடுப்பைக் கேட்க வேண்டும்.