வீட்டு முற்றத்தில் ஒரு படகு

கரக்பூரில் ரயில்வே எழுத்தனாகக் காலந்தள்ளும் ஒருவனுக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். கடல் எங்கள் ஊருக்கு அண்மையில் இல்லை. பக்கத்தில் ஓடும் கங்சாபதி ஆறோ, கோடையில் பெரும்பாலும் மணல்வெளியாய்க் கிடப்பது. காசாய் என்று ஊரார் அழைக்கும் அவ்வாறு மழை பெய்தால்தான் தன் பெயருக்குத் தகுதி பெறும். ஆயினும் சென்ற ஆண்டு நான்கு திங்கள் எங்கள் குவார்ட்டர்சின் பின்முற்றத்தில் ஒரு பழம்படகு கிடந்தது. அதனைச் செப்பனிட்ட வரலாறு, அத்தகைய வேலையில் இறங்க எண்ணும் அன்பர் எவருக்கேனும் பயன்படலாம் என்று எழுதலானேன்.

படகு என் தந்தையார் வாங்கியது. அவர் பாம்பனில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல், தனுஷ்கோடியை அழித்துப் பயணிகள் வண்டி ஒன்றையும் கடலுக்கு இரையாக்கியபோது அவருக்கு வயது பதினான்கு. எங்கள் குடும்பத்தின் வத்தையும் அவ்விரவிலே போயிற்று. புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் சீர்செய்தார். அவ்வேலையை நாள்தோறும் கரையில் நின்று பார்த்த சிறுவன், கடலை விட்டு இரும்பைப் பற்றிக்கொண்டான். 1971இல் தாய்மாமன் ஒருவர் துணையால் கரக்பூர்ப் பணிமனையில் கலாசியாகச் சேர்ந்து, ஃபிட்டராக உயர்ந்து, 2010இல் ஓய்வு பெற்றார். அத்தனை ஆண்டுகளிலும் படகு என்ற பேச்சை அவர் எடுத்து நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து வண்டி பிடித்து, பன்னிரண்டு அடி நீள அலுமினியப் படகு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். எடைக்கு வாங்கியது. உளுத்த மரத்தைக் கழித்துத் தராசு 68 கிலோ காட்டியதாம். ஒரு காலத்தில் வெள்ளத்தில் ஆள் மீட்கப் பயன்பட்டதென்று கடைக்காரர் சொன்னாராம். பழம்பொருள் விற்போர் சொல்லாத கதை ஏது!

என் அன்னையார் கூச்சலிடவில்லை. கடலுக்குச் சென்று திரும்பாத தமையன் ஒருவர் அவருக்கு உண்டு. "தண்ணி ரொம்பினாலும் முங்காத படகுன்னு என் கண்ணுக்குக் காட்டணும். அதுக்கப்புறந்தான் யாரும் ஏறணும்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். இனி நான் சொல்லப்போகும் வேலை யாவும் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நடந்தது.

முதலில் ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். படகை இரண்டு முக்காலிகளின்மேல் ஏற்றி, அடிப்புறத்துக்கு மேலும் முட்டுக் கொடுத்து, உள்ளே நான்கு விரற்கடை உயரத்துக்கு நீர் விட்டோம். அதற்குமேல் விடலாகாது, ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை அல்லவா? பிறகு வெளியே எங்கெங்குச் சொட்டுகிறதோ அங்கெல்லாம் என் மகள் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டாள். முப்பத்தொரு வட்டம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவள் வெளியில் பேசுவது வங்காளமும் இந்தியும். "ஐயா, முன்பக்கம் பதினாறு, பின்பக்கம் பதினைந்து" என்றாள். தந்தையார், "முன்பக்கம் என்னாத்தா? அது அணியம். பின்பக்கம் அமரம்" என்றார். அன்று மாலை பார்க்கிறேன், படகின் இரு தலையிலும் அச்சொற்கள் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. எனக்கும் அவை அன்றுவரை தெரியாத சொற்களே.

மரப்படகின் இடுக்கில் பஞ்சும் எண்ணெயும் திணித்து அடைப்பதைக் கலப்பத்து என்பர். அலுமினியத்துக்கு அது உதவாது. தளர்ந்த ரிவிட்டை மீண்டும் இறுக்க வேண்டும். ஒருபுறம் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மறுபுறம் மற்றொருவர் சுத்தியால் அடிக்க வேண்டும். அக்கட்டியைப் பணிமனையில் டாலி என்பார்கள். தந்தையாரின் கை இப்போது நடுங்குகிறது. ஆகவே அவர் தோளைச் சாய்த்து டாலியைத் தாங்கிக்கொள்ள, பேரேடும் பேனாவும் அன்றி வேறொன்றும் அறியாத நான் சுத்தியைப் பிடித்தேன். ஒவ்வோர் அடிக்கும் "சரி", "இன்னொண்ணு", "போதும்" என்பார். வேறு பேச்சு இல்லை. பத்தொன்பது ரிவிட்டுகள் இறுகின. மற்றப் பன்னிரண்டையும் துளைத்தெடுத்துப் புதியன வைத்தோம். கடைகளில் எளிதாய்க் கிடைக்கும் பாப் ரிவிட்டுக்கு நடுவே துளை உண்டு. அதன் வழியே நீர் புகும். படகுக்கு ஏற்றது துளையில்லாத ரிவிட்டே.

பற்றவைத்துத் தருவதாக ஒரு வெல்டர் வலிய வந்தார். வேண்டாம் என்றோம். அலுமினியம் 660 பாகையில் உருகும்; அதன்மேல் படிந்த ஆக்சைடுப் படலமோ 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். இரும்பைப்போல் சிவந்து முன்னறிவிப்பும் தராது. பழகாத கை பட்டால் தகட்டில் ஓட்டைதான் விழும்.

தந்தையாருக்கும் எனக்கும் கருத்து மாறுபட்டது ஓரிடத்தில்தான். துடுப்புத் தாங்கிகளைப் பொருத்தச் செப்பு, பித்தளை ஆணிகளே உறுதி என்றார் அவர். மரப்படகில் கண்ட பழக்கம். வேற்று உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம்போல் இயங்கி, அலுமினியத்தை அரித்துவிடும் என்று நான் படித்திருந்தேன். தந்தையோடு வாதிடுவது எங்கள் வீட்டு வழக்கமன்று. இரண்டு கிண்ணங்களில் உப்புநீர் ஊற்றி, ஒன்றில் அலுமினியத் துண்டைத் தனியாகவும், மற்றொன்றில் செப்புக்கம்பி சுற்றியும் இட்டு அடுக்களைச் சாளரத்தில் வைத்தேன். இரண்டு வாரத்தில் கம்பி சுற்றிய துண்டு வெண்பொடி பூத்துக் குழிகுழியாய் அரித்திருந்தது. அதனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர், மறுநாள் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளும் அவற்றை அலுமினியத்திலிருந்து பிரித்து வைக்கப் பிளாஸ்டிக் வளையங்களும் வாங்கி வந்தார். அரிந்த துண்டை நெடுநாள் நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

அமரத்துப் பலகை மாற்றியது, வண்ணம் பூசியது ஆகியவற்றை விரிக்க வேண்டுவதில்லை. வெற்று அலுமினியத்தில் வண்ணம் ஒட்டாது. தேய்த்த அன்றே அதற்குரிய முதற்பூச்சைப் பூசிவிட வேண்டும் என்பது ஒன்றே குறிப்பு.

இனி அன்னையாரின் நிபந்தனை. 68 கிலோ அலுமினியம் ஏறத்தாழ 25 லிட்டர் நீரை விலக்கும். எனவே மூழ்கிய நிலையில் அதன் பாரம் 43 கிலோதான். அதற்கு 43 லிட்டர் நுரைப்பலகை போதும். நாங்கள் 150 லிட்டர் வைத்தோம். பற்றிக்கொள்ளும் மனிதருக்காக நூறு கிலோ மிச்சம். நுரையை அடித்தளத்தில் வைத்தால் நீர் நிறைந்த படகு குப்புறக் கவிழும். ஆதலின் இருக்கைகளின் கீழும் பக்கவாட்டில் விளிம்பை ஒட்டியும் வைத்தோம்.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் பக்கத்துக் குளத்தில் படகை இறக்கி, வாளி வாளியாக நாங்களே நீர் மொண்டு ஊற்றினோம். கரையில் கூடியவர்கள் எங்களுக்குச் சித்தம் கலங்கிற்றென்றே எண்ணியிருப்பர். படகு தாழ்ந்தது, விளிம்பு இரண்டு விரற்கடை தெரியச் சமமாய் நின்றது. நானும் நண்பர் இருவரும் கழுத்தளவு நீரில் அதனைப் பற்றித் தொங்கினோம். அதற்குமேல் தாழவில்லை. அன்னையார் படித்துறையில் அமர்ந்து கால் மணி நேரம் பார்த்தார். தந்தையார் படகைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதவைச் சட்டை எத்தனை வாங்கியிருக்கு?" என்றார் அன்னையார்.

"மூணு."

"இன்னொண்ணு வாங்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

மழைக்குப்பின் காசாயில் நீர் அடங்கியிருந்த நாட்களில் ஆறு முறை சென்றோம். கிடைத்த மீன் ஒரு வேளைக் குழம்புக்கும் போதாது. அன்னையார் இருமுறை வந்தார். ஆழம் உள்ள பக்கம் போகவிடவில்லை. அமரத்தில் ஓர் ஆணி மட்டும் இன்னும் சற்றே கசிகிறது. அதற்காகச் சிரட்டை ஒன்று படகிலேயே கிடக்கிறது. நீர் இறைப்பது என் மகளின் வேலை.