தாளம் தப்பியது யார்?

பரிசளிப்பு விழா முடிந்து இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன. விழாவைப் பற்றி எழுதச் சொல்லிச் சில பெற்றோர் கேட்டிருந்தனர். நான் எழுத விரும்புவது விழாவுக்கு முன் நடந்த ஒன்றைப் பற்றி. அதில் என் பிழையும் உண்டு.

எங்கள் சிலிம் ரிவர் வட்டாரத்தில் உருமி மேளம் இல்லாத தோட்டத்துக் கோயில் திருவிழா இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்பும் உருமி போகவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தந்தையின் குழுவில் வாசிப்பவன். வாசிப்பிலும் கணிதத்திலும் பின்தங்கியவன். குழுப்பாடலுக்கு உருமி வாசிக்க அவனைத் தேர்ந்தெடுத்ததே ஓர் ஊக்கமாக இருக்கட்டும் என்றுதான்.

பின்னணி இசை என் பொறுப்பு. மடிக்கணினியில் இசைக்கோவை மென்பொருள். யாரோ அன்பளித்த பழைய சின்தசைசர். இரண்டையும் இணைக்க மலிவு விலையில் வாங்கிய ஒரு மிடி கம்பி. தாள ஒலி கணினியிலிருந்து வரும். நாதசுவரமும் வயலினும் சின்தசைசரிலிருந்து வரும். 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்திற்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசையமைத்தார் என்று படித்து வியந்த தலைமுறை நான். அந்த ஆசை இன்னும் விடவில்லை.

ஒத்திகையில் உருமி ஒட்டவே இல்லை. பையன் ஓரிடத்தில் முந்துவான், ஓரிடத்தில் பிந்துவான். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் கடிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்தபடி, “ஐயா, நான் ஓடல. பெட்டிதான் ஐயா ஓடுது” என்றான். கணினியா தாளம் தப்பும்? பயிற்சியில் கவனமில்லை என்று அவன் தந்தைக்கு ஒரு குறிப்பெழுதிக் கையொப்பம் வாங்கிவரச் சொன்னேன்.

அன்றிரவு பாடலை வீட்டில் தனியே ஓடவிட்டேன். உருமி இல்லை, ஆயினும் ஏதோ இடறியது. தஞ்சோங் மாலிமில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசை பயிலும் முன்னாள் மாணவரை அழைத்தேன். “காதால் தேடாதீர்கள் ஐயா, அளந்து பாருங்கள்” என்றார். அவர் சொன்னபடி, கணினித் தாளத்தை இடப்பக்கத்திலும் சின்தசைசரை வலப்பக்கத்திலுமாக வேறொரு கணினியில் பதிவு செய்து, ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே அடியில் விழ வேண்டிய இரண்டு ஒலிகளில் கணினியின் ஒலி பிந்தி விழுந்தது. எவ்வளவு பிந்தி? ஓரிடத்தில் 24 மில்லி வினாடி, அடுத்து 11, பிறகு 20, அப்புறம் 8.

எண்ணைக் காட்டிலும் அதன் சீரின்மைதான் முக்கியம். எப்போதும் ஒரே அளவு பிந்தினால், அந்த அளவுக்கு முன்தள்ளி வைத்துச் சரிசெய்துவிடலாம். தாமதம் ஆடிக்கொண்டிருந்தால் அதற்கு மருந்தில்லை. ஆட்டத்தின் காரணத்தைத்தான் தேட வேண்டும்.

காரணங்கள் இரண்டு கலந்திருந்தன. கணினி தன் ஒலியைத் துளித்துளியாகக் கொடுப்பதில்லை. ஒரு குடம் நிறைந்த பின்பே ஊற்றுகிறது. என் கணினியில் அந்தக் குடத்தின் அளவு 1024. ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஏறத்தாழ 23 மில்லி வினாடி. இது நிலையான தாமதம். மற்றொன்று மிடி கம்பியின் வழியே வந்தது. 1983-இல் வகுத்த மிடி முறை வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒற்றையடிப்பாதையில் செல்வது. ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்திக்கே ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி பிடிக்கும். எட்டுச் சுரங்கள் சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் எட்டும் வரிசையில்தான் போகும். போதாக்குறைக்கு, நான் கட்டைகளை அழுத்திப் பிடித்தபோதெல்லாம் அந்த அழுத்த மாற்றங்களும் நூற்றுக்கணக்கான செய்திகளாகப் பதிவாகியிருந்தன. பாடலுக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. வழியை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே நெரிசலான இடங்களில் சின்தசைசரும் பிந்தியது, இடைவெளி குறைந்தது. மற்ற இடங்களில் கூடியது.

அழுத்தச் செய்திகளை எல்லாம் அழித்தேன். ஆட்டம் பெரிதும் குறைந்தது, முற்றும் போகவில்லை. மறுநாள் மாலை மாணவர் தம் மிடி இணைப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். மீதி ஆட்டமும் அடங்கியது. இடைவெளி 23-ஐ ஒட்டியே நின்றது. பழைய கம்பி இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. குடத்தை 128 ஆக்கியபோது மடிக்கணினி கடுகு தாளிப்பதுபோல் பொரிந்ததால் 256-இல் நிறுத்தினோம். எஞ்சிய 6 மில்லி வினாடிக்குத் தாளத் தடத்தை முன்தள்ளினோம். நண்பர்கள் யாரேனும் இப்படி அல்லற்பட்டால் குடத்தைக் கடைசியில் தொடுங்கள். முதலில் ஆட்டத்தை அடக்குங்கள்.

ஆறு மில்லி வினாடி என்பது ஒலி காற்றில் இரண்டு மீட்டர் கடக்கும் நேரம். மேடையில் இருவர் தள்ளி நின்றாலே அவ்வளவு வரும். அது எவருக்கும் இடைஞ்சலில்லை. ஆனால் அந்த இருவருள் ஒருவர் அடிக்கு அடி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தால் மற்றவர் யாரைப் பின்பற்றுவது? பையன் செய்தது அதுதான். கணினித் தாளத்தைப் பிடித்தால் நாதசுவரம் விலகும். நாதசுவரத்தைப் பிடித்தால் தாளம் விலகும். இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் அவன் ஓடியிருக்கிறான்.

மறுநாள் வகுப்பின் முன் அவனை அழைத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். சொல்வது எளிதாக இல்லை. இருபது ஆண்டுப் பணியில் இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. அவன் தந்தைக்கு இரண்டாவது குறிப்பொன்றும் எழுதினேன். அன்றைய ஒத்திகையில் உருமி முதல் அடியிலேயே ஒட்டியது.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன் வாசலில் நின்று திரும்பினான்.

“ஐயா, பெட்டி ஓடுனதப் படமாப் பார்த்தேன்னு சொன்னீங்களே, அதை அச்செடுத்துத் தருவீங்களா?”

“எதற்கு?”

“அப்பாகிட்ட காட்டணும் ஐயா.”

இரண்டு படி எடுத்துக் கொடுத்தேன்.