மடித்து வைத்த சீட்டு

2017 பிப்ரவரி 8, புதன், பாளையங்கோட்டை

பாப்பாவின் பைக்குள் பள்ளிச் சீட்டு. தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி, 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். கையெழுத்துப் போடப் போனேன். என் கணவர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வாட்ஸ்அப்ல என்னென்னமோ வருது. நம்ம பிள்ளைக்குத்தான் ஒன்பதாம் மாசமே போட்டாச்சே."

பிப்ரவரி 9, வியாழன்

அந்தச் செய்தியை நானும் படித்தேன். ஆட்டிசம் வருமாம். 1998இல் வேக்ஃபீல்டு என்ற லண்டன் மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரை கிளப்பிய புரளி இது. வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவர் பதிவையும் இழந்தார். எல்லாம் சொன்னேன். என் கணவர் காதில் ஏறவில்லை.

பிப்ரவரி 11, சனி

பாப்பா தூங்கிய பிறகு அவரே பேசினார். "ஒன்றரை வயசுல ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி காய்ச்சல்ல கண்ணு சொருகிச்சே. தூக்கிட்டு ஓடுனது நான்தான்." வாட்ஸ்அப் அல்ல, அந்த ராத்திரிதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. மூன்று நாளாக அது தெரியாமல் வாதாடியிருக்கிறேன்.

சித்தியைப் பற்றிச் சொன்னேன். மூன்று மாதக் கர்ப்பத்தில் லேசான காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. அம்மை என்று வேப்பிலை வைத்தார்கள்; மூன்றே நாளில் இறங்கிவிட்டது. பிறந்த மகளுக்குக் கண்ணில் புரை, காதும் கேட்கவில்லை. ரூபெல்லா என்ற பெயரை அப்போதுதான் டாக்டர் சொன்னார். புரையை அறுவை செய்து எடுத்தார்கள். காதுக்கு வழியில்லை. எங்கள் கல்யாணத்தில் தவில் மேல் கை வைத்து மேளம் கேட்டவள் அவள்தான், அவருக்கும் நினைவிருக்கிறது.

"ஒன்பதாம் மாசம் போட்டது தட்டம்மைக்கு மட்டுங்க. ரூபெல்லாவுக்குப் பாப்பாவுக்கு இதுதான் முதல் ஊசி. நாளைக்கு அவளும் ஒரு பிள்ளையைச் சுமப்பா."

பதில் பேசவில்லை. வெகுநேரம் விழித்திருந்தார்.

பிப்ரவரி 13, திங்கள்

அவரே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைக்கும் போடலாமாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரலாம், வந்தால் பாராசிட்டமால். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும்.

பிப்ரவரி 15, புதன்

லீவு போட்டுப் பள்ளிக்கே போனார். வலது கையில் அரை மில்லி மருந்து. அரை மணி நேரமும் அவளை மடியை விட்டு இறக்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா மகனுக்கு இன்னும் போடவில்லை. இந்த மாதம் 28 வரை போடுகிறார்கள். சீட்டை மடித்து வைத்திருப்பவர்களே, உங்கள் பயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.