பழைய மைல்கற்கள்

அலாஸ்கா நெடுஞ்சாலையில் தூரத்துக்கு இரண்டு கணக்குகள் உண்டு. 1942-இல் வெட்டப்பட்ட சாலை, பிரிட்டிஷ் கொலம்பியாவின் டோசன் கிறீக்கிலிருந்து அலாஸ்காவின் டெல்ட்டா ஜங்ஷன் வரை 1,422 மைல். அதன்பின் வளைவுகளை நிமிர்த்தி நிமிர்த்தி அதை முப்பது மைலுக்கு மேல் சுருக்கிவிட்டார்கள். ஆனால் சாலையோரத்து விடுதிகளும் கடைகளும் பழைய மைல் எண்ணையே இன்றும் முகவரியாக வைத்திருக்கின்றன. மைல் 300 என்றால் போர்ட் நெல்சன். மைல் 635 என்றால் வொட்சன் லேக். வண்டியின் அளவியை நம்பிப் போகிறவருக்கு இந்த எண்கள் எங்கும் பொருந்துவதில்லை. இப்போது இல்லாத ஒரு தூரத்தின் பெயரால் அழைக்கப்படும் இடங்கள் அவை.

அந்தச் சாலையில் நாங்கள் இருவரும் ஆறு வாரங்கள் பயணம் செய்தோம். எட்மன்டனில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய பழைய மோட்டார் ஹோமை நம்பித் தந்திருந்தார். இரண்டு அடுப்பு, ஒரு கட்டில், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் ஒரு மேசை. நாற்பது ஆண்டு இல்லற வாழ்வை இருபத்துநான்கு அடிக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஜூன் 8-ஆம் திகதி புறப்பட்டோம்.

ஏன் வடக்கு என்று ரொறன்ரோவில் எல்லோரும் கேட்டார்கள். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. எங்களில் ஒருவருக்குக் கண் அழுத்த நோய். ஓரங்களிலிருந்து தொடங்கி உள்நோக்கி மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும் நோய் அது. மருந்தும் சிகிச்சையும் போவதைத் தாமதப்படுத்தலாம், போனது திரும்புவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைத்துவிட்டார். மாலை மங்கினால் படிக்கட்டும் நிழலும் அவருக்கு ஒன்றாகிவிடும். ஆகவே வெளிச்சம் குறையாத ஓரிடத்துக்குப் போக விரும்பினோம். ஜூன் 21 அன்று, கதிரவன் மறையாத வடதுருவ வட்டத்தில் நிற்பது. அங்கிருந்து டெம்ஸ்டர் நெடுஞ்சாலையில் மேலே சென்று, 2017-இல் திறக்கப்பட்ட புதிய சாலை வழியாக ருக்ரோயாக்ருக் ஊரில் ஆர்க்டிக் கடலைப் பார்ப்பது. இதுவே திட்டம். அடுத்த ஆண்டு என்று ஒத்திப்போடுவதற்கு எங்களிடம் துணிவு இல்லை.

முதல் நான்கு நாட்களிலேயே எங்கள் தவறு புரிந்துவிட்டது. வண்டியில் போகிறவருக்குக் காட்சிகள் எல்லாம் பக்கவாட்டிலிருந்து வருகின்றன. கரடி வலப்பக்கப் புல்வெளியில் நிற்கும். கடமான் இடப்பக்கச் சதுப்பில் நிற்கும். ஓட்டுபவர் "அதோ" என்று சொல்லி முடிப்பதற்குள், பக்கங்களை இழந்த கண் அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள், வண்டி கடந்துவிடும். அவர் பார்த்ததெல்லாம் சாலையை மட்டுமே. "பார்த்தேன், பார்த்தேன்" என்று அவர் சொன்னார். பார்க்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள், மைல் 392-இல் உள்ள நெடுஞ்சாலையின் மிக உயர்ந்த கணவாயைத் தாண்டி மன்சோ ஏரியை நெருங்கும்போது வெப்பமானியின் முள் சிவப்புக்குள் போயிற்று. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. நிறுத்திப் பார்த்தால் தரையில் பச்சைநிறக் குளிர்விப்பு நீர் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசிக்கு அங்கே அலை கிடையாது. முக்கால் மணி நேரம் கழித்து வந்த ஒரு பாரவண்டிக்காரர் எங்கள் செய்தியை ஏரிக்கரை விடுதி ஒன்றுக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்து வந்தவர் வண்டியைக் கட்டியிழுத்துப் போனார். அவரே வண்டி திருத்துபவர், அவரே பெட்ரோல் ஊற்றுபவர். குனிந்து பார்த்துவிட்டு, வாட்டர் பம்ப் போய்விட்டது, போர்ட் நெல்சனில் இல்லையென்றால் எட்மன்டனிலிருந்துதான் வரவேண்டும் என்றார். போர்ட் நெல்சனில் இல்லை.

ஐந்து நாட்கள். நாங்கள் நாட்களைக் காசு போல எண்ணி எடுத்துவந்தவர்கள். முதல் இரண்டு நாட்களும் ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. பழைய வண்டியை வாங்கிவந்தது யார், வாடகைக்குப் புதியது எடுக்கலாம் என்று சொன்னது யார் என்ற வழக்கு, மேசையின் இருபுறமும் வாய்திறக்காமலே நடந்தது.

மூன்றாம் நாள் காலையில் விடுதிக்குச் சற்றுத் தொலைவில் சாலையோர மலைச்சரிவுக்கு நடந்துபோனோம். அங்கே கல்லில் ஊறும் உப்பை நக்குவதற்காகக் கருஞ்சாம்பல் நிறத்து மலையாடுகள் இறங்கி வரும். ஸ்டோன் ஆடு என்பது அவற்றின் பெயர். நடந்துபோன எங்களுக்கு அவசரமில்லை, ஆடுகளுக்கும் இல்லை. ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார்: நேராக ஒரு வெள்ளைப் பாறை, அதன் கீழே பிளவு, பிளவிலிருந்து ஒரு கை அகலம் வலப்பக்கம். மற்றவர் தம்முடைய சிறிய வட்டத்தை அந்த வழியே மெல்ல நகர்த்தினார். வட்டத்துக்குள் முதலில் ஒரு கொம்பு வந்தது. பிறகு தாடை. பிறகு தாயின் வயிற்றோடு ஒட்டிய குட்டி. அரைமணி நேரம் அசையாமல் நின்றார். அவருடைய கண்ணின் நடுப்பகுதி இன்னும் கூர்மையானது. குட்டியின் காதுமடலில் ஒரு கிழிசல் இருப்பதைக் கண்டு சொன்னவர் அவரே. இரண்டு நல்ல கண்களும் அதைத் தவறவிட்டிருந்தன.

பழுது நல்லதற்கே என்று இந்த இடத்தில் எழுதிவிடுவது எளிது. பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. நாங்களும் சில நாட்கள் அப்படிச் சொல்லிப் பார்த்தோம். ஆனால் அந்த ஐந்து நாட்களுக்கான விலை பின்னால் காத்திருந்தது.

வொட்சன் லேக்கில் பெயர்ப்பலகைக் காடு என்று ஒன்று இருக்கிறது. 1942-இல் சாலைப்பணியில் காயமுற்ற கார்ல் லிண்ட்லி என்ற அமெரிக்கப் படைவீரர், சேதமான வழிகாட்டிப் பலகைகளைத் திருத்தும்போது, ஊர் நினைவில் தம்முடைய டான்வில் நகரத்துக்கும் ஒரு பலகை எழுதி நட்டார். இன்று அங்கே உலகத்து ஊர்ப்பெயர்கள் பல பத்தாயிரம் தொங்குகின்றன. பிஸ்கற் ரின்னின் மூடி ஒன்றில் 1980-களில் நாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரை எழுதி ஆணியடித்தோம். மற்றப் பலகைகளில் போலத் தூரத்தையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எந்த வழியாகக் கணக்கிடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வெறுமனே விட்டுவிட்டோம்.

ஜூன் 21 அன்று டெம்ஸ்டர் நெடுஞ்சாலையில் இருந்தோம். ஆனால் அதன் தொடக்கத்தில். அது பெரும்பாலும் சரளைக்கல் சாலை. உடைந்த கல்லின் விளிம்புகள் கத்தி போல இருக்கும். ரூம்ஸ்டோன் மலைகளை அடைவதற்குள் பின்சக்கரத்தின் இரட்டை டயர்களில் ஒன்று கிழிந்தது. மேலதிக டயரை மாட்டினோம். அடுத்த அரைமணி நேரத்தில் இன்னொன்றும் காற்று இறங்கத் தொடங்கியது. எதிரே வந்தவர் ஒருவர் நிறுத்தி, டயரைத் தொட்டுப்பார்த்து, வயதானவர்களாக இருக்கிறீர்கள், மேலே போகாதீர்கள் என்றார். ஐந்து நாட்கள் கையில் இருந்திருந்தால் திரும்பிப்போய் டயர் வாங்கிக்கொண்டு மீண்டும் வந்திருக்கலாம். வடதுருவ வட்டம் இன்னும் 330 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

அன்று கடிகாரப்படி நள்ளிரவிலும் மலைமுகடுகளில் வெயில் இருந்தது. விளக்கில்லாமல் வெளியே கதிரையில் உட்கார்ந்து அவர் புத்தகத்தில் நான்கு பக்கங்கள் வாசித்தார். பின்பு மூடிவைத்துவிட்டு, "இது போதும்" என்றார். போதாது என்பதும் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆர்க்டிக் கடலை அவர் பார்க்கவில்லை. இனிப் பார்க்கப்போவதும் இல்லை.

வைட்ஹோர்ஸ் நகருக்கு மீண்டு டயர்களை மாற்றியபின், மிச்சமிருந்த நாட்களில் மேற்கே க்ளூவானி ஏரிக்குப் போனோம். ஏரியின் தென்கரையில் சாலை ஓர் அகன்ற ஆற்றுப்படுகையைக் கடக்கிறது. ஸ்லிம்ஸ் என்பது ஆற்றின் பெயர். நாங்கள் போனபோது மண்புயல் வீசிக்கொண்டிருந்தது. கஸ்கவுல்ஷ் என்னும் பனியாறு உருகி இந்த ஆற்றுக்கு நீர் தந்துகொண்டிருந்தது. அந்த நீர் க்ளூவானி ஏரியில் விழுந்து, யூக்கொன் ஆற்றோடு சேர்ந்து பேரிங் கடலுக்குப் போயிற்று. 2016 மே மாத இறுதியில், வெறும் நான்கு நாட்களுக்குள், எல்லாம் மாறியது. பின்வாங்கிய பனியாற்றின் முகப்பில் புதிய வாய்க்கால் ஒன்று திறந்துகொள்ள, நீர் வேறு பக்கம் திரும்பி, அல்செக் ஆற்றின் வழியே பசிபிக் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டது. புவி வெப்பமடைவதே இதற்குக் காரணம் என்று 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஸ்லிம்ஸ் ஓடையாக மெலிந்தது. ஏரியின் மட்டம் இறங்கியது. படுகையின் வண்டல் காற்றில் கிளம்பிச் சாலையை மூடுகிறது.

அந்தப் படுகைக்கு அருகிலேயே, மைல் 1061-இல், 1942 நவம்பர் 20 அன்று இந்த நெடுஞ்சாலையின் திறப்புவிழா நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தனிப் பிரிவுகளாக ஒதுக்கப்பட்ட கறுப்பினத்தவர்கள், சதுப்பில் மரங்களை அடுக்கி, எட்டு மாதங்களில் வழி திறந்தார்கள். சாலைக்கு அன்று எத்தனையோ சுற்றுவழிகள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டார்கள். ஆற்றுக்கு அப்படி யாரும் செய்ய முடியவில்லை. மாற்றுவழி என்றால் எங்கோ சுற்றிப் பழைய சாலையிலேயே வந்து சேர்வது என்று அதுவரை எண்ணியிருந்தோம். அப்படிச் சேராத வழியும் உண்டு என்பதை மணல் நிரம்பிய கண்களோடு அங்கே நின்றபோது ஒப்புக்கொண்டோம். அவர் கண்களைத் துடைத்துவிட்டு, படுகையை நெடுநேரம் பார்த்தார். நோயைப்பற்றி அந்தப் பயணத்தில் முதல்முறையாகப் பேசியது அன்றிரவுதான். எந்த ஆண்டுக்குள் எது போகும், வீட்டில் எதை மாற்றவேண்டும், யாருக்குச் சொல்லவேண்டும்.

திரும்பும் வழியில் காட்டுத்தீ. போர்ட் நெல்சன் பக்கம் சாலை அடைக்கப்பட்டிருந்தது. எப்போது திறக்கும் என்று சொல்ல ஆளில்லை. வொட்சன் லேக்குக்கு அருகே தெற்கே பிரியும் கஸியார் நெடுஞ்சாலையில் எல்லோரையும் திருப்பினார்கள். கிற்வாங்கா வரை 724 கிலோமீட்டர். ஒடுங்கிய சாலை, தோள்பட்டை இல்லாத ஓரங்கள், ஊர்கள் மிகக் குறைவு. இரண்டாம் மணி நேரத்தில் புகை இறங்கியது. முதலில் மலைகள் போயின, பிறகு மரங்கள், பிறகு முன்னால் போன வண்டியின் பின்விளக்குகள். நிறுத்தினால் பின்னால் வருகிறவர் வந்து மோதுவார், ஒதுங்க ஓரமில்லை.

"முன்னால ஒண்டுமே தெரியேல்லை" என்று ஓட்டியவரின் குரல் உடைந்தது.

"பயப்படாதையும்" என்றார் மற்றவர். "தூரத்தைப் பார்க்காதையும். பக்கத்தையும் விடும். தார் முடிஞ்சு கல் தொடங்கிற அந்த வலப்பக்க விளிம்பை மட்டும் பிடிச்சுக்கொண்டு மெல்ல வாரும். ஒரு வளைவு வரட்டும். அது முடிஞ்சால்தான் மற்றது."

"உங்களுக்கு அது தெரியுதோ?"

"எனக்கு எப்பவும் இப்பிடித்தானே."

ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் அவ்வாறே போனோம். அவர் பேசிக்கொண்டே வந்தார். விளிம்பு, விளிம்பு, இப்போது சற்று இடம். இரண்டு ஆண்டுகளாக அவர் எப்படி வீட்டில் நடந்தார், கடைக்குப் போனார், தெருவைக் கடந்தார் என்பதை அந்த நாற்பது கிலோமீட்டரில்தான் மற்றவர் அறிந்தார். அதுவரை அவருக்காகப் பார்த்துச் சொல்வதையே துணை என்று நினைத்திருந்தோம். குறைந்த பார்வையிலும் ஒரு தேர்ச்சி இருக்கிறது என்பதும், அதை ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொள்ள முடியும் என்பதும் எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஜூலை நடுவில் நண்பரிடம் வண்டியைக் கழுவிக் கொடுத்தோம். புதிய வாட்டர் பம்ப், நான்கு புதிய டயர்கள், புகைமணம் போகாத திரைச்சீலைகள்.

அக்டோபரில் கண் மருத்துவர் பார்வைப்புல வரைபடத்தைத் திரையில் காட்டினார். ஓரத்துக் கருமை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினோம். தேநீர் ஊற்றும்போது அவர் கேட்டார், அந்தக் குட்டியின் கிழிந்த காது வலதா, இடதா என்று. எந்தக் குட்டி என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

"மைல் 456-இலயோ? இடது."

"இல்லை, வலது" என்றார் அவர், மிக உறுதியாக.